கம்பளியைக் கடித்த நாய்

என்னைத் திருடனாக இருக்கச் சொல்லித்தான் அந்தப் பண்ணையில் வேலைக்கு எடுத்தார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அரிசியை அளந்து கொடுத்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் திருட்டுப் பேச்சுதான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடுத்த வருஷம் வீட்டையும் விட்டேன். அதன் பிறகு கால் போன பக்கம்தான். விழுப்புரத்தில் ரயில் ஏறினேன். டிக்கெட் இல்லாததால் அரியலூரில் இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்ட ஊரிலேயே வேலை தேடிக்கொள்வது என் வழக்கம். ஸ்டேஷனில் பருத்திப் பொதி தூக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து பக்கத்தில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். குன்னம் போகிற வழியில் ஒரு பெரிய பண்ணைக்கு அவர் காரியக்காரர்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க."

"சொந்தக்காரங்க யாராச்சும் இந்தப் பக்கம் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"ரொம்ப நல்லது" என்றார். நான் அப்படிச் சொல்லி யாரும் அதுவரை சந்தோஷப்பட்டதில்லை. "ஒரு நாய் இருக்கு. அதை ரோஷக்காரனா ஆக்கணும். ரெண்டு வேளை சோறு, படுக்க எடம்."

"நாய்க்குங்களா, எனக்குங்களா?"

"ரெண்டு பேருக்கும்தான். வா."

பண்ணைக்காரர் வீட்டில் வெங்காயப் பட்டறை நாலைந்து இருந்தன. தரைக்கு மேலே மூங்கில் தட்டி கட்டி, அதற்குள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, காற்று போகிற மாதிரி அடைத்து வைப்பதற்குப் பட்டறை என்று பெயர். வீட்டுக்குள் இருக்கிற வரகைப் பூட்டி வைக்கலாம். வெளியே நிற்கிற பட்டறையை எப்படிப் பூட்டுவது? அதனால் அவர் மதுரைப் பக்கம் போய்வருகிற பருத்தித் தரகர் மூலம் ஒரு கோம்பை நாயை வரவழைத்திருந்தார். செவலை நிறம், கறுத்த மூஞ்சி, விறைத்த வால். கோம்பை என்றால் புலியை மறிக்கும், குதிரைக்காரனை இறக்கிவிடும், பிடித்த பிடியை விடாது என்று தரகர் சொல்லியிருந்தார். பண்ணைக்காரர் அதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

வந்த நாயோ கன்றுக்குட்டியோடு படுத்துத் தூங்கியது. பால் கறக்க வருகிறவளின் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு போனது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பார்க்க வந்து, "கோம்பையா, கோயில் மாடா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அன்றிலிருந்துதான் அதைப் பழக்குவது என்று முடிவானது.

பழக்குவதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. பகலில் வெளிச்சம் படாமல் கொட்டகை மூலையில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். ஒருவர்தான் சோறு வைக்க வேண்டும். சோற்றில் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட வேண்டும், கோபம் ஏறும் என்று. பிறகு, திருடன் எப்படி இருப்பான் என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். திருடன் எப்படி இருப்பான்? அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தலையோடு கம்பளி போர்த்தி, முக்காடு போட்டு, கையில் கழியோடு இருப்பான். நான் எத்தனையோ ஊரில் திருடர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவனும் கம்பளி வாங்குகிற வசதியில் இல்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

பண்ணையாட்களை அந்த வேஷம் போடச் சொல்ல முடியாது. நாளைக்கு அவர்களையே அது கடித்துவிடும். அதனால் ஊர் பேர் இல்லாத ஒருவன் வேண்டியிருந்தது.

சாயங்காலம் மாடு திரும்புகிற நேரத்தில் நான் கைகளில் சாக்கு சுற்றிக்கொண்டு, அதன் மேல் ஒரு பழைய கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கொட்டகையின் பின்பக்கமாக நுழைவேன். நாயைக் கழியால் குத்த வேண்டும். இரண்டு அடி போட வேண்டும். அது குரைத்தவுடன் பயந்தவன்போல் ஓட வேண்டும். நான் ஓடியதும் காரியக்காரர் போய்க் கறித்துண்டு போட்டுத் தட்டிக்கொடுப்பார். முதல் சில நாள் அது குரைக்கவே இல்லை. அடி பட்டதும் சுருண்டு படுத்து என்னைப் பார்த்தது. காரியக்காரருக்கு எரிச்சல். "இன்னும் ரெண்டு போடு தம்பி, கோம்பை ரத்தம் உள்ளதான் இருக்கு, வெளிய வர மாட்டேங்குது" என்பார்.

வெளியே வந்தது. ஒரு நாள் அது கழியைப் பிடித்தது. அதற்குக் கறி கிடைத்தது. அடுத்து கம்பளியைப் பிடித்தது. இரட்டிப்புக் கறி. அப்புறம் கம்பளிக்குள் இருந்த சாக்கு, சாக்குக்குள் இருந்த கை. என் இடது முழங்கைக்குக் கீழே இன்னும் நாலு புள்ளி இருக்கிறது. வேலை என்றால் அப்படித்தான். அரியலூரில் பொதி தூக்கினபோது முதுகு போனது, இங்கே கை போனது.

பகலில் நான் அதன் கண்ணில் படக்கூடாது என்பது ஏற்பாடு. ஏரிக்கரைக் கோயிலில் படுத்துக்கிடப்பேன். ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் கொட்டகைப் பக்கம் போனபோது எதிரே அகப்பட்டுக்கொண்டேன். மேலே ஒரு துண்டு மட்டும்தான். மோப்பத்தில் அதற்கு என்னைத் தெரியாமல் இருக்காது. மூக்கை நீட்டியது, உறுமியது, நிறுத்தியது, மறுபடி மோந்தது. நான் ஓடவில்லை, அடிக்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்தேன். அது கொஞ்ச நேரம் என் தோளைப் பார்த்தது. அங்கே இருக்க வேண்டியது இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் தோன்றியது: அது கற்றுக்கொண்டது என்னை இல்லை, கம்பளியை.

அதே மாதத்தில் பக்கத்து ஊரில் யார் வீட்டிலோ பருத்தி போனது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் விசாரணை எதுவும் செய்யாமல் நேரே ஒரு தெருவுக்குப் போய் அங்கிருந்த ஆண்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். அந்தத் தெருச் சாதியில் பிறந்தவர்கள் எல்லாம் பிறவித் திருடர்கள், ஸ்டேஷனில் ரேகை வைக்க வேண்டும் என்று அப்போது சட்டமே இருந்தது. வெளியூர்க்காரன் என்று என்னையும் கடைசியில் உட்கார வைத்தார்கள். காரியக்காரர் வந்து "இது நம்ம வூட்டுத் திருடனுங்க" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனார். வழியில், "அவங்களுக்கு அது ரத்தத்துலயே உண்டு தம்பி" என்றார். நாயைப் பற்றிப் பேசுகிற அதே குரல். பருத்தி பிறகு வீட்டுக்காரரின் மச்சினன் வீட்டில் கிடைத்தது.

மார்கழி வந்தது. நாய் தயாராகிவிட்டது என்று சொல்லி, இருட்டியதும் அவிழ்த்துவிட்டு விடிவதற்குள் கட்டுவது வழக்கமாயிற்று. ஒரு நாள் காலை காரியக்காரர் குளிருக்குப் பயந்து கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டார். பண்ணைக்காரர் எழுந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் சொம்பும் மறுகையில் பாம்பு பல்லிக்கு என்று ஒரு கழியுமாகக் கொல்லைப்பக்கம் போனார்.

நாய் தன் வேலையைச் செய்தது. நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது சொம்பு ஒரு பக்கம், பண்ணைக்காரர் ஒரு பக்கம். கெண்டைக்காலில் நல்ல பிடி. நாயோ பிடியை விட்டுவிட்டு, எழுந்து ஓடிவந்த காரியக்காரரைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கறிக்குக் காத்திருந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் காலுக்கு மருந்து போட்டார்கள், வயிற்றைச் சுற்றி ஊசி போட ஏற்பாடு செய்தார்கள். டாக்டர் ஒன்று சொல்லியனுப்பினார். நாயைக் கொல்லக்கூடாது. ஒரு பத்து நாள் கட்டிவைத்துச் சோறு தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெறி பிடித்துச் சாகாமல் இருந்தால் கடிபட்டவருக்கும் பயமில்லை. அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கே உலக்கையால் அடித்திருப்பார்கள். தன் உயிருக்காக அதன் உயிரைப் பாதுகாக்க வேண்டியதாகிவிட்டது பண்ணைக்காரருக்கு. பத்து நாள் கழிந்ததும் கணக்குத் தீர்த்துவிடுவது என்று பேச்சு. சோறு வைக்க ஒருத்தரும் தயாரில்லை. காரியக்காரரும் பக்கத்தில் போக மறுத்துவிட்டார். "கோம்பைக்கு எசமானே கெடையாதுன்னு எங்க மாமா அப்பவே சொன்னாருங்க" என்றார்.

சோறு வைக்கிற வேலை எனக்கு வந்தது. மிளகாய்த்தூளை நான் போடவில்லை. தூரத்திலிருந்து மூங்கிலால் சட்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் நாள் மூங்கிலைக் கீழே வைத்தேன். கொட்டகைக்குக் கதவாகத் தொங்கிய சாக்கைத் தூக்கி வெளிச்சம் விட்டேன். நாலைந்து நாளில் அது என் கையிலிருந்து வாங்கித் தின்றது, புண் இருந்த கையை நக்கியது. எனக்கு அதில் பெரிய தைரியம் எதுவும் இல்லை. அந்த ஊரில் நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்த உயிர் அது ஒன்றுதான். அதை அடித்துக் கொல்வதைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ச் சோற்றைத் தின்ன முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

நாயைக் கொல்வதாக இருந்த நாளில் பண்ணைக்காரர் முன்னால் போய் நின்றேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"ஐயா, அது உங்களைக் கடிக்கலீங்க. கம்பளியைக் கடிச்சுது."

"கம்பளிக்குள்ள இருந்தது யாருடா, உன் பாட்டனா?"

காரியக்காரர் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க சொல்லித்தான் நான் சொல்லிக்குடுத்தேன். நான் சொல்லிக்குடுத்ததுதான் அது செஞ்சுது. சொல்லிக்குடுத்தவனே மறக்க வெக்கறேன். என்கிட்ட குடுத்துருங்க."

"ரத்தத்துல இருக்கறத எப்படிடா மறக்க வெப்ப?"

"ரத்தத்துல இருந்தா நீங்க என்னை எதுக்குங்க அழைச்சுட்டு வந்தீங்க? தானாவே கடிச்சிருக்குமே."

அவர் கடிபட்ட காலைத் தடவிக்கொண்டார். கோபக்காரர், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் யோசிக்கிற மனுஷர். "அழைச்சுட்டுப் போ" என்றார் கடைசியில். "ஆனா இது எங்க கடிச்சாலும் என் வூட்டு நாயின்னுதான் சொல்லுவாங்க. இன்னொரு ஆளு மேல பல்லு பட்டுச்சுன்னா, அங்கயே உன் கையால கொன்னுடணும். சரின்னு சொல்லு, கூட்டிட்டுப் போ."

சரி என்றேன். காரியக்காரர் எனக்குச் சேர வேண்டியதோடு அந்தப் பழைய கம்பளியையும் கொடுத்தார். "இதை வூட்டுல வெச்சிருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

தை மாதப் பனியில் நாங்கள் இரண்டு பேரும் குன்னம் வழியாக, அங்கங்கே கிடைத்த வேலைக்குத் தங்கித் தங்கி நடந்தோம். கம்பளி எனக்கும் தேவைப்பட்டது. ஆனால் போர்த்திக்கொள்ள முடியாது. முதலில் அதைச் சுருட்டிக் கழியின் முனையில் கட்டித் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். நாய் அதைப் பார்த்து உறுமிக்கொண்டே நடந்தது. தங்குகிற இடத்தில் கம்பளியைத் தரையில் விரித்து, அதன் ஓரத்தில் சோற்றை வைப்பேன். பசி எடுத்தால் ஓரத்தில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். எனக்கும் அதே சோறுதான், அளவும் ஏறக்குறைய அதுவேதான். பெரம்பலூர் வருவதற்குள் அது கம்பளியின் நடுவில் படுத்துத் தூங்கப் பழகிவிட்டது. நான் வெறும் தரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

பாடாலூரில் ரோட்டோரம் இரண்டு கடைகள் அடுத்தடுத்து இருந்தன. கரி போட்டு ஓட்டுகிற பஸ் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போகும் காலம். முதல் கடையில் தேநீர் கேட்டேன். கடைக்காரர் நாயைப் பார்த்தார்.

"என்ன சாதி நாயி?"

"கோம்பைங்க."

"கோம்பையா!" அவர் பலகையை விட்டுப் பின்னால் நகர்ந்தார். அங்கே உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் ஒருவர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு குனிந்து கல்லை எடுத்தார். கல்லைக் கண்டதும் நாய்க்கு முதுகு மயிர் நின்றது.

"பாத்தியா பாத்தியா, ரத்தம் பேசுது" என்றார் வண்டிக்காரர்.

தேநீர் குடிக்காமலே அடுத்த கடைக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அதையே கேட்டாள்.

"சாதியெல்லாம் இல்லீங்க. நாட்டு நாயி. வழியில கூட வந்துச்சு."

"பாவம், எலும்பு தெரியுது" என்று சொல்லிக் கருகின பணியாரம் இரண்டை எடுத்துப் போட்டாள். நாய் வாலை ஆட்டித் தின்றது. பக்கத்துக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து கத்தினார்: "யக்கா, அது கோம்பை! புலியடிக்கற நாயி!"

"அடிச்சா அடிக்கட்டும். தின்னுட்டுப் போயி அடிக்கட்டும்" என்றாள் அவள், அடுத்த குழியில் மாவை ஊற்றிக்கொண்டே.

ஒரே நாய், ஒரே காலை, பத்தடி தூரம். அதற்கப்புறம் நான் யாரிடமும் கோம்பை என்று சொல்லவில்லை.

கம்பளியைத் தோளில் போட்டுக்கொள்வது மாசியில் முடிந்தது. தலையில் போடுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை போட்டபோது நேரே மேலே பாய்ந்தது. நான் ஓடவில்லை. ஓடினால் அதற்கு வெற்றி, அதுதான் பழைய பாடம். அப்படியே உட்கார்ந்து, உள்ளேயிருந்து பேசினேன். கம்பளியின் ஒரு மூலை கிழிந்து போனது, என் காது தப்பியது. பிறகு தினமும் சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முக்காடு போட்டு உட்கார்ந்தேன். பங்குனி தொடங்கும்போது நான் முக்காட்டோடு நடந்தாலும் அது பக்கத்தில் நடந்தது. ஆனால் அது நான். வேறொருவர் முக்காடு போட்டு வந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பார்ப்பதற்குப் பயமாகவும் இருந்தது. ஒரு பல் பட்டால் போதும், கொன்றுவிடுவதாகக் கொடுத்த என் வாக்கு நிற்கிறது.

செட்டிகுளத்து மலை தெரிகிற தூரத்தில், பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில் ஒரு ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். எருவுக்காக ராத்திரியில் ஆடுகளைக் காட்டில் அடைத்து வைப்பதுதான் கிடை. கிடைக்காரர், அவர் மனைவி, இரண்டு ஆட்கள். கிடைக்காரர் அதிகம் பேசமாட்டார். அந்த அம்மாள்தான் எல்லாம். முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் கழியால் தரையைத் தட்டி அங்கேயே நிற்கச் சொன்னாள்.

"நாயி ஆட்டைத் தொடுமா?"

"தொடாதுங்கக்கா. கன்னுக்குட்டியோட வளந்தது."

"ஆளைக் கடிக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கம்பளி போட்டிருந்தா கடிக்கும்" என்றேன்.

அவள் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தோளில் கம்பளி. இரண்டு ஆட்களின் தோளிலும் கம்பளி. அவள் இடுப்பிலும் ஒன்று சுற்றியிருந்தது. வெயிலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், பாயும் அதுதான் அவர்களுக்கு. வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏந்தம்பி, நாட்டுல இத்தனை பேரு இருக்கையில தேடிப் புடிச்சு எங்ககிட்டயா கொண்டாந்த?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். என் வாக்கையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவர்களுடைய நாய் முந்தின மாதம் பாம்பு கடித்துச் செத்திருந்தது. நரி குட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு நாய் வேண்டும். எனக்கு, இந்த நாய் உயிரோடிருக்க ஓர் இடம் வேண்டும். "கட்டியே வெச்சிரு. குட்டிங்க பக்கத்துல வேணாம்" என்று ஓடைக்கரை வேலமரத்தைக் காட்டினாள். "நீயும் இரு. சோறு போடறேன், ஆடு மேய்."

தினமும் ஒருவர் தோளில் கம்பளியோடு போய்க் கஞ்சி ஊற்றுவது என்று பேசிக்கொண்டோம். ஆட்கள் இருவரும் தூர நின்று ஊற்றினார்கள். கிடைக்காரர் போவதாகச் சொல்லுவார், போகமாட்டார். அந்த அம்மாள் தோளில் போட்டபடி போனாள். நாய் உறுமியது. "உறுமிக்கிட்டே குடி, யாரு வேணாங்கறா" என்பாள். இப்படிச் சித்திரை வந்துவிட்டது. தலையில் முக்காடு போட்டு மட்டும் யாரும் போகவில்லை. நான் விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நானும் கிடைக்காரரும் மேட்டுக் காட்டில் ஆடுகளோடு நின்றோம். கோடை மழை எப்போதும் சொல்லிவிட்டு வராது. சடசடவென்று அடித்தது. கீழே கிடையில் குட்டிகளை மூங்கில் கூடைகளால் கவிழ்த்து மூடியிருந்தார்கள். கூடைகளுக்குள் தண்ணீர் புக ஆரம்பித்ததும் ஆட்கள் இருவரும் தலையோடு கம்பளி போட்டுக்கொண்டு கூடைகளை மேட்டுக்குத் தூக்கி ஓடினார்கள். நான் ஓடையைப் பார்த்தேன். வறண்டு கிடந்த ஓடையில் செம்மண் தண்ணீர் இறங்கிவிட்டது. வேலமரத்தடியில் நாய் வயிறு வரைக்கும் தண்ணீரில் நின்று, சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தது.

கீழே ஓடினேன். கரிசல் மண் காலைப் பிடித்தது. பாதி தூரம் வருவதற்குள், அந்த அம்மாள் மரத்தைப் பார்த்துப் போவது தெரிந்தது. கம்பளியைத் தலையில் கூம்பாகக் கவிழ்த்து முகம் தெரியாமல் போட்டிருந்தாள். கையில் கழி. பண்ணை வீட்டுக் கொட்டகையில் நான் எப்படி நுழைவேனோ அச்சு அப்படியே.

"அக்கா! கம்பளியைக் கழட்டுங்க! கழட்டுங்கக்கா!"

மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் கழியைக் கரையில் ஊன்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். நாய் காதை மடக்கியது. உதடு மேலே ஏறிப் பல் முழுக்கத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது. அவள் நிற்கவில்லை. முரட்டுக் கிடாயைப் பிடிப்பதுபோல் ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, மறுகையால் சங்கிலிக் கொக்கியைத் தேடினாள். கம்பளியின் ஈர ஓரம் நாயின் மூஞ்சிமேல் விழுந்தது. அது உடம்பை முறுக்கியது. நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். இனிமேல் ஓடிப் பிரயோசனம் இல்லை.

கொக்கி கழன்றது. அவள் நாயின் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நாய் ஒரே தாவலில் கரை ஏறி உடம்பை உதறியது. ஓடிப்போயிருக்கலாம், திரும்பிப் பாய்ந்திருக்கலாம். அவள் கழியை எடுத்துக்கொண்டு ஏறி வரும்வரைக்கும் நின்றது. பக்கத்தில் வந்ததும் கம்பளியை மோந்து பார்த்தது. அவள் கையில் கஞ்சியின் வாசனை இருந்திருக்கலாம். அவள் மிச்சமிருந்த கூடைகளைத் தூக்கப் போனாள். அது பின்னாலேயே போனது.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தேன். "கம்பளியைக் கழட்டிட்டுப் போயிருக்கலாம்லக்கா?"

"மழை பெய்யுது. நனையச் சொல்றியா?"

"கடிச்சிருந்தா?"

"கடிச்சிருந்தா நீ கொன்னிருப்ப. சும்மா வுட்டிருந்தா தண்ணி கொன்னிருக்கும். போயித்தான் பாப்பமேன்னு போனேன். பேசிக்கிட்டு நிக்காத, அந்தக் கூடையைத் தூக்கு."

அவள் மடியில், கம்பளிக்குள், அன்று காலையில் பிறந்த ஒரு குட்டி இருந்திருக்கிறது. அதைக் கூடைக்குள் விடும்போதுதான் பார்த்தேன். அதையும் சுமந்துகொண்டுதான் ஓடைக்குள் இறங்கியிருக்கிறாள். நாய் கூடைக்கு வெளியே மூக்கை வைத்துக்கொண்டு படுத்தது.

மழை விட்டதும் கிடைக்காரர் மேட்டிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தலையில் முக்காடு. நாய் எழுந்து நின்று உறுமியது. அவர் அப்படியே சேற்றில் நின்றுவிட்டார்.

"ஏய், இது என்னைய உள்ள வுட மாட்டேங்குது!"

"நீங்க ஒரு நாளாச்சும் கஞ்சி ஊத்துனீங்களா?" என்றாள் மனைவி. "ஊத்துனவங்களைத் தெரியுது. ஊத்தாதவங்களைத் தெரியல. அதுல என்ன தப்பு? கம்பளியை எடுத்துட்டு வாங்க. நாளையிலேருந்து உங்க முறைதான்."

"நாளைக்கு அது என் கையைத் தின்னுடுச்சுன்னா?"

"இன்னொரு கையி இருக்குல்ல?"

ஆட்கள் சிரித்தார்கள். அவர் கம்பளியை எடுத்து மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாயைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு உள்ளே வந்தார்.

அந்த வாரமே கிளம்புவது என்று நினைத்திருந்தேன். ஓர் இடத்தில் அவ்வளவு நாள் நான் இருந்ததே இல்லை. ஆனால் கிடைக்காரருக்கும் நாய்க்கும் வழக்குத் தீராமல் போக மனம் வரவில்லை. முதல் நாள் அவர் சட்டியைத் தூரத்திலிருந்து எறிந்தார். மறுநாள் கொஞ்சம் கிட்டே. தோளில் கம்பளி, பிறகு கழுத்தில், பிறகு காது வரைக்கும். முணுமுணுத்துக்கொண்டே செய்வார். "உன்னைய மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன், சும்மா குடிடா" என்பார். அது அவரைப் பார்த்தபடியே குடிக்கும். அதற்குள் நரி ஒரே ஒரு முறை கிடைப் பக்கம் வந்தது. ஓடையைத் தாண்டும் வரைக்கும் நாய் அதை விடவில்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம் கிடைக்காரர் முழு முக்காட்டோடு போய், சட்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு குந்தினார். நாய் நெருங்கி, சட்டிக்குள் தலையை விட்டு, அடி வரைக்கும் நக்கியது. நக்கி முடித்துவிட்டு அவர் கட்டைவிரலையும் நக்கியது. அவர் அசையவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, மெதுவாக, "கஞ்சி பத்தல போலிருக்கு. இன்னும் கொஞ்சம் கொண்டாங்க" என்றார்.

அவர் மனைவி பானையை எடுத்துக்கொண்டு போனாள். நான் மறுநாள் காலையில் கிளம்பினேன்.